வலப்பக்கத்து மேல் பாகம்

நெஞ்சில் கத்தி வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், என்ன செய்வதென்று தெரியவில்லை என்று யாராவது கலங்கி நின்றால், எங்கள் ஊரில் அவர்களை என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். ஆளுக்கு ஒரு முறை முதலிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு வாருங்கள்; சட்டையைக் கழற்றித் தழும்பை வேண்டுமானால் காட்டுகிறேன்.

மலாக்காவின் காஜா பெராங்கில் எனக்கு டோபிக் கடை, துணி வெளுத்து இஸ்திரி போடுகிற தொழில். என் நோய் முதலில் தெரிந்தது கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த கிராணி ஒருவருடைய வெள்ளைச் சட்டையில். கஞ்சி போட்டுக் காய்ந்த துணி அட்டை மாதிரி விறைத்து நிற்கும். அதை ஈரப்படுத்தினால்தான் இஸ்திரி ஏறும். நாங்கள் வாய் நிறையத் தண்ணீர் எடுத்து, உதட்டைக் குவித்து, பனிபோல் ஊதுவோம். இது வாடிக்கையாளர்களுக்கு முன்னால் செய்கிற காரியம் இல்லை. அன்று ஊதிவிட்டுப் பார்த்தால், கிராணியின் சட்டை முதுகில் இளஞ்சிவப்பாகப் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகள்.

என் மனைவி பாக்கியம் பார்த்துவிட்டாள். "என்னாங்க, வெத்தலை போட்ட வாயோட ஊதினீங்களா?"

இஸ்திரி மேசைக்கு வந்தால் நான் வெற்றிலை தொடமாட்டேன். மூன்று முறை வாய் கொப்பளிக்காமல் தண்ணீர் எடுக்கமாட்டேன். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும், "ஆமா, மறந்துட்டேன்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டையைத் தண்ணீரில் போட்டாள்.

அன்று முதல் வேண்டுமென்றே வெற்றிலை போட ஆரம்பித்தேன். காலையில், பகலில், சாயங்காலம், எந்நேரமும் வாய் சிவந்தே இருந்தால் துப்புவது எதுவென்று யாருக்குத் தெரியும்? துணிக்குத் தண்ணீரைக் கையாலேயே தெளித்தேன்; இருமலுக்குக் கரிப்புகை என்று பெயர் வைத்தேன். இரண்டு மாதம் இப்படி ஓட்டினேன். முட்டாள்தனம்தான். ஆனால் அப்போது எனக்கிருந்த பயம் வேறு. இருமலில் ரத்தம் என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம், காசநோய். காசநோய்க்காரன் வாயால் தண்ணீர் ஊதிய சட்டையை யார் போட்டுக்கொள்வார்கள்? ஒருவர் வாயிலிருந்து செய்தி வெளியே போனால், மறுநாள் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

என் திருட்டைக் கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டு நாராயணன் பிள்ளை. அவர் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழ்ச் செட்டிக் குடும்பத்தவர். எங்களோடு ஒரே மாரியம்மனைக் கும்பிடுவார். வீட்டில் பேசுவது மலாய். அரசாங்க ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர் வேலை. ஒரு நாள் காலையில் நான் கால்வாயில் துப்பிவிட்டு நிமிர்ந்தால், அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கால்வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது சிரே இல்லே, தம்பி" என்றார். சிரே என்றால் மலாயில் வெற்றிலை. "எனக்குத் தெரியும். இருபது வருசம் நான் ரத்தம் துடைக்கிறேன்."

"பிள்ளை, மெதுவா பேசுங்க."

"மெதுவா பேசுறேன். நீ சீக்கிரம் வா. ஜாங்ஙான் தாக்குட். பயம் வேணாம்."

அவர் என்னைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நெஞ்சின் மேல்பக்கத்தில், ஒரு சின்ன எலுமிச்சை அளவுக்கு வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சளியை எடுத்துச் சோதித்தார்கள். மறுபடியும் எடுத்தார்கள், மூன்றாம் முறையும் எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் நீளப் பெஞ்சில், இருமுகிற பத்துப் பேர் நடுவில், தெரிந்த முகம் வந்துவிடக் கூடாதே என்று தலையைக் கவிழ்த்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் பிள்ளை வெளியே வந்து, காசநோய்க் கிருமி இல்லை, இது கான்சராக இருக்கலாம், சிங்கப்பூரில்தான் உறுதி செய்வார்கள் என்று சொன்னார்.

"ஒட்டுமா?" என்று கேட்டேன்.

"ஒட்டாது."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். கடை தப்பித்தது என்றுதான் முதலில் தோன்றியது. பிள்ளைதான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு விஷயம் உறைத்தது வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் சொன்னபோதுதான். அவள் அடுப்பிலிருந்து சோற்றை இறக்கிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மாதமாக அவளை ஏமாற்றியதற்கு அன்று நான் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

பிள்ளையின் மனைவி எங்கள் இரண்டு பெண்களையும் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். நான்கு பேர் சேர்ந்து பிடித்த டாக்சியில், இரண்டு ஆறுகளைப் பெர்ரிப் படகில் கடந்து சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தேன். பாக்கியம் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வரப்போகிற வருஷம் அது. ஊரில் உள்ளவர்கள் எல்லாரும் வெள்ளை உடுப்பாகத் தைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

சிங்கப்பூரில் முதல் வேலையாகத் தொண்டை வழியே ஒரு இரும்புக் குழாயை இறக்கி, மூச்சுக்குழாயின் உள்ளே விளக்குப் பிடித்துப் பார்த்தார்கள். தொண்டை மரத்துப்போக மருந்து அடிப்பார்கள், வலி குறைவு. ஆனால் மூச்சே திரும்பாதோ என்று ஒரு திகில் வரும் பாருங்கள், அதற்கு மருந்து இல்லை. குழாய் வழியாக எடுத்த சளியில் கான்சர் அணுக்கள் இருந்தன. அறுத்து எடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

இப்போது என்னுடைய மகா புத்திசாலித்தனத்தைச் சொல்ல வேண்டும். வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஜொகூர்க்காரர். அவருக்கும் நெஞ்சு அறுவை. அவருக்கு இடது பக்கம், எனக்கு வலது பக்கம். அவர் பெயரும் முத்துசாமி, என் பெயரும் முத்துசாமி. இருவருக்கும் ஒரே மாதிரி கவுன். முப்பது வருஷம் பிறர் துணியைப் பார்த்துக்கொண்டவனுக்கு இதைக் கண்டதும் கடையில் துணி மாறிப்போன நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. பத்து வெள்ளைச் சட்டைகள் கலந்து கிடந்தால், எது யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்போம்? கழுத்துப்பட்டையின் உள்பக்கம் சேங்கொட்டைச் சாற்றால் போட்ட குறிதான் சாட்சி. எத்தனை முறை அடித்துத் துவைத்தாலும் அந்தக் கறுப்பு போகாது.

என் பையில் ஒரு சேங்கொட்டை இருந்தது. எந்த டோபி அது இல்லாமல் வெளியூர் போவான்? அறுவைக்கு இரண்டு நாள் முன்னால், கழிப்பறைக்குள் போய், அதை ஊசியால் குத்தி, வலது விலாவில் என் கடைக் குறியைப் போட்டேன். ஒரு வட்டம், அதற்குள் இரண்டு கோடு. டாக்டர் தப்பான பக்கம் கத்தி வைத்தால் இது அவரைத் தடுக்கும் என்று நிம்மதியாக வந்து படுத்தேன்.

சேங்கொட்டைச் சாறு பட்டால் தோல் வெந்துபோகும் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். என் விரல்களுக்கு அது பழகிப்போயிருந்தது. விலாத் தோலுக்கு என்ன தெரியும்? மறுநாள் அரிப்பு. அதற்கு மறுநாள், அறுவைக்கு அழைத்துப்போக வந்த நர்ஸ் கவுனைத் தூக்கியவள் அலறிவிட்டாள். அக்குளிலிருந்து இடுப்பு வரை சிவந்து, கொப்புளம் கொப்புளமாக நீர் கோத்து நின்றது.

அறுவை நின்றது. பெரிய டாக்டர் வந்தார். வெள்ளைக்காரர், ஆறடிக்கு மேல் உயரம். தினமும் வார்டைச் சுற்றி வருவார். நோயாளியிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார், படத்தைப் பார்ப்பார், போவார். அன்று அவர் முகம் சிவந்த சிவப்பில் என் விலா தோற்றது. அவரோடு வந்த யாழ்ப்பாணத்து டாக்டர்தான் என்னிடம் கேட்டார்.

"முத்துசாமி, நீர் என்ன செய்தனீர்? உள்ளதைச் சொல்லும்."

சொன்னேன். துணி மாறிப்போகக் கூடாது, அதற்குத்தான் என்றேன். அவர் அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, பெரிய டாக்டர் குனிந்து அந்தக் கொப்புளத்துக்கு நடுவே என் கடைக் குறியைத் தேடிப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டார். அந்த வார்டில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"இந்த மனுசனுக்கு ஒருத்தரும் ஒண்டும் விளங்கப்படுத்தேல்லை, அதுதான் தானே குறி போட்டிருக்கிறான் எண்டு சொல்றார்" என்றார் யாழ்ப்பாணத்து டாக்டர். "புண் ஆற மூண்டு கிழமை செல்லும். அதுக்குள்ளை உமக்கு எல்லாம் விளங்க வேணுமாம்."

என் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். வலது நுரையீரல் மூன்று பாகமாக இருக்கும். மேல், நடு, கீழ். இடது பக்கம் இரண்டு பாகம்தான். என் கட்டி மேல் பாகத்தின் ஓரத்தில் இருந்தது. இதற்கு இரண்டு வழி. ஒன்று, வலது நுரையீரலை முழுவதுமாக எடுத்துவிடுவது. கான்சர் என்றால் பெரும்பாலான டாக்டர்கள் அதைத்தான் செய்தார்கள், பெரிய டாக்டரும் அப்படித்தான் பழகியவர். எதையும் மிச்சம் வைக்கவில்லை என்ற திருப்தி உண்டு. ஆனால் அது பெரிய அறுவை, மேசையிலிருந்து எழாமல் போகிறவர்களும் உண்டு. எழுந்தாலும் மிச்சமுள்ள ஒன்றை வைத்து, படியேறினால் நின்று நின்று ஏற வேண்டும். இரண்டாவது வழி, மேல் பாகத்தை மட்டும் எடுத்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவைப்பது. சமீபத்தில்தான் சில டாக்டர்கள் அதைச் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். இவரும் சிலருக்குச் செய்திருந்தார். மூச்சு பெரும்பாலும் மிஞ்சும். ஆனால் நுரையீரலின் வேரில் உள்ள நெறிகளுக்கு, அதாவது சின்னச் சின்ன நிணநீர் முடிச்சுகளுக்கு, நோய் இறங்கியிருந்தால் அது போதாது.

"நெஞ்சைத் திறந்து, வேரைக் கையாலை தடவிப் பாத்தாத்தான் எது எண்டு தெரியும். எதெண்டாலும் சம்மதம் எண்டு நீர் கையெழுத்துப் போட வேணும். நீர் என்ன வேலை செய்யிறனீர்?"

பத்து மணி நேரம் நின்று இஸ்திரி போடுவேன், மூட்டை தூக்குவேன் என்றேன். பெரிய டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார்.

கடிதம் பார்த்ததும் கடையைப் பூட்டிவிட்டுப் பாக்கியம் வந்து, தெரிந்தவர் வீட்டில் தங்கினாள். இரண்டு வழியையும் சொன்னேன். எனக்கு எது வேண்டும் என்பது என் குரலிலேயே தெரிந்திருக்கும். அவள் ஒரே வார்த்தையில் முடித்தாள். "முழுசா எடுக்கச் சொல்லுங்க."

"முழுசா எடுத்தா நான் எப்படி இஸ்திரிப் பெட்டி புடிக்கிறது?"

"நான் புடிக்கிறேன். இப்ப யாரு புடிக்கிறா? ஒரு பொட்டுக் கறை விட்டா அந்தத் துணி திரும்பி வரும்னு கடையில கத்துறது யாரு? நீங்கதானே?"

"கறை போகணும்னு துணிய கிழிப்பியா?"

"எனக்கு வேலை செய்யற ஆளு வேணாம். ஆளு இருந்தா போதும்."

வார்டில் எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜொகூர் முத்துசாமி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். டாக்டர் கண்ணுக்கு எது சரியென்று படுகிறதோ அது என்று சொல்லித்தான் நான் கையெழுத்துப் போட்டேன். பாக்கியம் அதற்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாமலே தினமும் எனக்கு ரசம் கொண்டுவந்தாள்.

அந்த மூன்று வாரத்தில் பீடியை விட்டேன். மூச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். குழாயால் இணைத்த இரண்டு போத்தல்கள். ஒன்றில் உள்ள நீரை ஊதி மற்றதற்கு அனுப்ப வேண்டும். எல்லாரும் திணறுகிற வேலை அது. நான் ஒரே ஊதலில் அனுப்பினேன். பயிற்சி கொடுத்த வெள்ளைக்காரப் பெண் வாயைப் பிளந்தாள். முப்பது வருஷமாகத் துணிக்குத் தண்ணீர் ஊதியவன் நான், அந்தப் பயிற்சிக்குச் சம்பளம் வரவேண்டியிருக்கிறது என்று யாழ்ப்பாணத்து டாக்டரை அவளிடம் சொல்லச் சொன்னேன்.

அறுவைக்கு முதல் நாள் அவரிடம் ஒன்று கேட்டேன். "கண் விழிச்சதும் எது செஞ்சீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கட்டிலுக்குக் கீழை போத்தல் இருக்கும். நெஞ்சிலை இருந்து குழாய் அதுக்குள்ளை போகும். அதிலை குமிழி வந்துதெண்டால் மிச்சப் பாகம் உள்ளை இருந்து விரியுது எண்டு அர்த்தம். முழுக்க எடுத்தால் குமிழிக்கு வேலை இல்லை."

காலையில் தள்ளுவண்டியில் படுத்தேன். பாக்கியம் என் நெற்றியில் திருநீறு பூசினாள். நான் அவள் முந்தானையை விடவில்லை. பயமில்லை என்று சொல்கிறவனை நம்பாதீர்கள். ஊசி போட்டார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

விழித்தபோது யாரோ மூட்டையை நெஞ்சின் மேல் இறக்கிவைத்தது போலிருந்தது. வலது பக்கம் முழுவதும் எரிந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆனால் காது கேட்டது. கட்டிலுக்குக் கீழே, உலை கொதிக்கத் தொடங்குகிற மாதிரி, களகள என்று ஒரு சத்தம். நின்றது. மூச்சு விட்டேன். மறுபடியும் களகள. நான் மூச்சு விடும்போதெல்லாம் வந்தது. அந்த வலியிலும் நான் வேண்டுமென்றே பெரிதாக மூச்சு விட்டுப் பார்த்தேன். களகள, களகள. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல பாட்டை நான் கேட்டதில்லை.

பாக்கியம் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கும் குமிழியின் அர்த்தம் தெரியும். அவள் அழுதது சந்தோஷத்தில் இல்லை. "மிச்சம் வச்சுட்டாங்களே" என்றுதான் அழுதாள்.

மேல் பாகமும் அதன் அருகில் இருந்த நெறிகளும் பரிசோதனைக்குப் போயின. பத்து நாள் காத்திருப்பு. அந்தப் பத்து நாளும் தலையணையை விலாவில் அணைத்துக்கொண்டு இருமச் சொன்னார்கள். இருமினால் தையல் பிரிந்துவிடும் என்று தோன்றும், பிரியாது, இருமுங்கள். சளி உள்ளே தங்கினால்தான் ஆபத்து. முதுகிலிருந்து மார்புக்கு அடி வரை வளைத்து வெட்டி, விலா எலும்பை விரித்து உள்ளே போயிருக்கிறார்கள், வலிக்காமல் என்ன செய்யும்? வலது கையைச் சுவரில் விரல் விரலாக ஏற்ற வேண்டும். முதல் நாள் தோள்வரை ஏறவில்லை. நான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். ஏழாம் நாள் வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். ஜொகூர் முத்துசாமி கட்டிலில் இருந்தபடியே கை தட்டினார். அவருக்கும் சரியான பக்கத்தில்தான் அறுத்திருந்தார்கள்.

பதினோராம் நாள் பெரிய டாக்டர் வந்தார். இந்த முறை ஸ்டூல் தேடவில்லை, நேரே கட்டிலிலேயே உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்து டாக்டர் வாய் திறப்பதற்கு முன்பே பெரிய டாக்டர் முகத்தில் நல்ல சேதி எழுதியிருந்தது.

"நெறி எல்லாம் சுத்தம். வெட்டின ஓரமும் சுத்தம். ஆனால் அஞ்சு வருசம் படம் எடுத்துப் பாக்க வேணும். அதுவரைக்கும் ஒருத்தரும் சத்தியம் பண்ணேலாது."

நான் பெரிய டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் வகுப்பு வார்டு என்பதால் பெரிய பில் எதுவும் இல்லை. பாக்கியம் செலவுக்கு அடகு வைக்க நினைத்திருந்த தாலிக்கொடி அவள் கழுத்திலேயே திரும்பியது. அவள் மட்டும் "அஞ்சு வருசம்" என்று ஒரு முறை தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மலாக்காவுக்குள் டாக்சி நுழைந்தபோது தெருவெல்லாம் கொடி, தோரணம், வண்ண விளக்கு. இன்னும் சில நாளில் மெர்டேக்கா. எனக்காக ஏன் இவ்வளவு செலவு செய்தார்கள் என்று கேட்டேன். பாக்கியம் பல நாளுக்குப் பிறகு சிரித்தாள். பிள்ளை வாசலில் நின்று என்னைத் தூக்காத குறையாக உள்ளே கொண்டுபோனார். கடையில் கரிப்பெட்டிகள் இரண்டும் மூலையில் கிடந்தன. நான் இல்லாதபோது அவளே மின்சார இஸ்திரிப்பெட்டி வாங்கியிருந்தாள். நீர் தெளிக்க ஒரு தகரத் தெளிப்பான். மூன்று மாதத்தில் மேசைக்கு வந்தேன், ஆறு மாதத்தில் மூட்டை தூக்கினேன். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் அவள் கத்துவாள்.

அப்புறம் படங்கள். முதலில் மூன்று மாதத்துக்கு ஒன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று, பிறகு வருஷத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முந்தின வாரம் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசமாட்டோம்.

போன மாதம் ஐந்தாவது வருஷத்துப் படம். மலாக்கா ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாப் படங்களையும் வரிசையாக மாட்டிப் பார்த்துவிட்டு, "இனிமேல் இதற்காக வர வேண்டாம்" என்றார். நான் குதிக்காத குறை. பாக்கியம் தலையை மட்டும் ஆட்டினாள். நம்பவில்லை என்று தெரிந்தது. அவளைப் பண்டார் ஹிலிருக்கு அழைத்துப்போய், கடற்கரை ஓரமாக உட்காரவைத்து, தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் வாங்கிக் கொடுத்தேன். பாதியில் வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் அவளை முதலில் ஏற்றினேன். எங்கள் பெண்களுக்குக் கச்சான் கடலை வாங்கிவிடலாம் என்று எதிர்ப்பக்கம் போனேன். வாங்கித் திரும்பினால் பஸ் நகர்கிறது. பாக்கியம் ஜன்னலில் தலையை நீட்டி, "ஓடாதீங்க! நான் எறங்கிக்கிறேன், ஓடாதீங்க!" என்று கத்துகிறாள்.

ஓடினேன். வேட்டியை மடித்துக்கொண்டு, கையில் கச்சான் பொட்டலத்தோடு, ஒரு சைக்கிள்காரனைத் தாண்டி, இரண்டு கடை நீளம் ஓடி, பின்படியில் தாவி ஏறினேன். கண்டக்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எங்க போவணும்?" என்று கேட்டான்.

"காஜா பெராங், ரெண்டு டிக்கெட். என் சம்சாரம் முன்னால இருக்காங்க."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத்தான் கவனித்தேன், பாக்கியம் எழுந்து வந்து என் முதுகில் உள்ளங்கையை வைத்திருந்தாள். நடு பஸ்ஸில், இத்தனை பேர் பார்க்க, தழும்பு இருக்கும் இடத்தில் கையை வைத்து என் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"அஞ்சு வருசமா நீங்க தூங்கினப்புறம் இப்படித்தான் கைய வச்சுப் பாத்துக்கிட்டே கெடந்தேன்" என்றாள். "இனிமே நானும் தூங்குவேன்."

உட்கார்ந்தோம். பஸ் அடுத்த தெருவுக்குத் திரும்புவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், வாயைத் திறந்துகொண்டு, லேசாகக் குறட்டைகூட விட்டாள். காஜா பெராங் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்தான். நான் உதட்டில் விரலை வைத்து, தலையை அசைத்தேன். கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தோம். மறுபடியும் இரண்டு டிக்கெட் வாங்கினேன். அதற்கும் அவள் எழுந்திருக்கவில்லை, குறட்டை விட்டுக்கொண்டேயிருந்தாள்.